நாற்பத்திரண்டாவது பாடம்

என் மகனுக்கு நான் ஒரு ஞானி. பெற்ற பிள்ளையே அப்பனை இப்படிக் கேவலப்படுத்துவான் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

எதைச் சொன்னாலும் எழுதி வைத்துக்கொள்கிறான். குளியலறைக் குழாயை ஒழுங்காக மூடித் தொலையுங்கள் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். மறுநாள் காலை, சொந்தக்காரர்களும் ஆபீஸ்காரர்களுமாக நூற்றெண்பது பேர் இருக்கிற அவனுடைய போன் குழுவில், 'அப்பா சொன்ன பாடம் பதினேழு: சொட்டுச் சொட்டாகப் போவதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்' என்று வந்திருந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். பல்செட் கடிக்கிறது என்று டாக்டரைத் திட்டினேன். அது பாடம் இருபத்தொன்பது ஆயிற்று. என்னவென்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நூறு பாடங்களைப் புத்தகமாகப் போடப் போகிறானாம். இன்னும் ஆறு குறைகிறதாம். அதனால் நான் கொட்டாவி விட்டால்கூடப் பேனாவைத் தேடுகிறான்.

இந்தக் கூத்தையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நாற்பத்திரண்டாவது பாடத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. 'தடை வந்தால் நிற்காதே. அதை ஓரமாகக் கட்டிவைத்துவிட்டு வேலையைப் பார்.' இதை அவன் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, நான் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்த சலவை ஆலைக்கே பரிசாகக் கொடுத்தான். அவர்கள் சட்டத்தோடு விட்டார்களா? டீ குடிக்கிற அறைச் சுவரில் முழ உயரத்துக்கு நீல எழுத்தில் எழுதி, கீழே என் பெயரையும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அது எதைப் பற்றிச் சொன்னது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆலைக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை ஈரத்தோடு இஸ்திரி மெஷினுக்குக் கொண்டுபோவோம். மெஷின் ஒரு சின்ன அறை அளவு இருக்கும். கொதிக்கிற உருளைகள் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். முன்னால் இரண்டு பேர் நின்று, ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து, சுருக்கமில்லாமல் உருளைக்குள் விட வேண்டும். அந்த இரண்டு பேரும் ஜோடி. உருளைக்குக் கொஞ்சம் முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை அதில் பட்டால் மெஷின் நின்றுவிடும். தொல்லை என்னவென்றால் மடிந்த விளிம்பு பட்டாலும் நிற்கும், தடித்த தையல் பட்டாலும் நிற்கும். திரும்ப ஓட வைக்க ஒரு நிமிடம். ஒரு ஷிப்டில் முப்பது தடவை நின்றால் அரை மணி நேரம் போச்சு, சூப்பர்வைசர் நம்மைத்தான் வறுத்தெடுப்பான்.

நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். கிழிந்த விரிப்பிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டால் மெஷின் நிற்காது. மூன்றே மாதத்தில் எங்கள் ஜோடி மற்ற எல்லா ஜோடிகளையும் முந்தியது. முப்பத்து மூன்று வயதில் என்னை வரிசைத் தலைவனாக்கினார்கள். ஒரு கல்யாண விருந்தில், வயிறு நிறைந்த சந்தோஷத்தில், இந்தக் கதையை நானே சொன்னேன். கைத்துடைக்கும் துணியை எடுத்து முடிச்சைக்கூடப் போட்டுக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். மகன் எழுதிக்கொண்டான். பேத்தி முடிச்சைப் பார்த்துக்கொண்டாள். நான் அந்த இடத்தோடு கதையை நிறுத்திக்கொண்டேன்.

பேத்திக்கு இருபத்தேழு வயது. வாய் அப்படி, அதனால் வீட்டில் அவளுக்கு மிளகா என்று பெயர். படித்த படிப்புக்கு ஏசி அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தாத்தா பார்த்த வேலைதான் என்று அதே ஆலையில் அதே இஸ்திரிப் பிரிவில் போய்ச் சேர்ந்தாள். நாலு வருடம் ஆயிற்று. அவளுடைய ஜோடி அவளைவிடப் பத்து வயது பெரியவள், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மிளகா அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அக்கா அப்படிச் சொன்னாள், அக்கா இப்படிச் சிரித்தாள் என்று வீட்டுக்கு வந்தால் அந்தப் பேச்சுதான். அடுத்த மாதம் மிளகாவை வரிசைத் தலைவியாக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை, ஆறு மணிக்கு வருகிறவள் நாலு மணிக்கே வந்துவிட்டாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அக்காவின் வலது கை உருளைக்குள் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று நின்றபடியே அம்மாவிடம் சொன்னாள். மருமகள் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். ஆபீசிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்த என் மகன் மகளுடைய பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். நல்ல வேளை, நம்ம பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அங்கே ஒருத்தி கை வெந்து கிடக்கிறாள், இங்கே என்ன நல்ல வேளை வேண்டிக் கிடக்கிறது என்று எனக்கு மண்டை காய்ந்தது. கம்பி தடுக்கவில்லையா என்று மட்டும் கேட்டேன்.

தடுக்கவில்லை, மெஷினில் ஏதோ கோளாறாக இருக்கும் என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மிளகா தரையைப் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்க பால்கனியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஒரு கைக்குட்டையைக்கூடத் தன் கையால் துவைக்காதவள் வாளியில் சீருடையை முக்கி அழுத்திக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரிந்ததும் கை நின்றது. குனிந்து வாளிக்குள் கையை விட்டேன். இரண்டு விரல் அகலத்தில் ஒரு வெள்ளைத் துண்டு வந்தது. இழுத்த இழுப்பில் துணி கிழிந்திருந்தது, முடிச்சு மட்டும் அவிழாமல் அப்படியே இருந்தது. என் முடிச்சு அது. உலகத்தில் வேறு எவனும் அதை அந்த மாதிரிப் போட மாட்டான்.

"நீயா கட்டின?" என்றேன்.

"நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே தாத்தா. வந்த முதல் மாசத்துலேருந்தே கட்டறேன். கட்டினாத்தான் கணக்கு எட்டும். சூப்பர்வைசருக்கும் தெரியும். பார்த்துட்டுப் பேசாமப் போயிடுவாரு."

"சரி, அவ கை மாட்டின பிறகு அதை அவிழ்த்து ஒளிச்சு வைக்கச் சொன்னது யாரு? அதையும் நானா சொன்னேன்?"

"யாரும் சொல்லல. சிவப்பு பட்டனை அமுக்கினேன், அக்கா கீழ விழுந்தாங்க, எல்லாரும் ஓடி வர்றதுக்குள்ள என் கை அதுவா பிடுங்கி பாக்கெட்ல வெச்சுக்கிச்சு. வீட்டுக்கு வந்து பார்த்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

கையை ஓங்கிவிட்டேன். வளர்ந்த பெண்ணின் மேல் என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கை ஓங்கினேன். யாரை அடிக்க ஓங்கினேன் என்று எனக்கே விளங்காததால் அது அந்தரத்திலேயே நின்றது. இறக்கிவிட்டு உள்ளே போய் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏனென்றால் நாற்பத்தோரு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். என் ஜோடி ஒல்லியான ஆள். வேலை நேரம் முழுக்க விசில் அடிப்பான், அதனால் எல்லோரும் அவனை விசில் என்றே கூப்பிடுவோம். நான் வரிசைத் தலைவனாவதற்குப் பத்து நாளைக்கு முன்னால், மடிந்து போன ஒரு மூலையை இழுத்து விடப்போய் அவன் கை உள்ளே போய்விட்டது. கம்பி மேலே கட்டியிருந்தது. கட்டியவன் நான். சிவப்பு பட்டனை அழுத்தினேன். அவன் அலறலைக் கேட்டு ஆட்கள் திரும்புவதற்குள் அந்தத் துண்டைப் பிடுங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். கம்பி சரியாகத்தான் இருந்திருக்கிறது, கவனக்குறைவு என்று எழுதி, நாலு விரல் போனவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். எழுதும்போது நான் பக்கத்தில் நின்றேன். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவனைப் பார்க்க ஒரு தடவைகூடப் போகவில்லை. கட்டின மனைவியிடம்கூடச் சொல்லவில்லை, அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். யாருக்கும் சொல்லிக் கொடுக்காத இந்த ஒன்றை இந்தப் பெண் எங்கே கற்றுக்கொண்டாள்?

வெள்ளிக்கிழமை விசாரணை என்று புதன்கிழமை மிளகாவுக்குக் கடிதம் வந்தது. அவள்தான் சாட்சி. அக்காவின் கவனக்குறைவு என்று முடிவானால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், சிகிச்சையையும் ஆலை பார்க்காது. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவளுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில், நான் மூவரையும் உட்கார வைத்துவிட்டு, விசில் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். நாற்பத்தோரு வருடம் உள்ளே கிடந்தது வெளியே வருகிறதே, வீடே இடிந்து விழும் என்று நினைத்தேன். மருமகள் சாம்பார்க் கரண்டியை மேஜையில் வைத்துவிட்டு, "சாப்பாடு ஆறுது மாமா" என்றாள்.

மகன் யோசித்தான். நன்றாக யோசித்தான். பிறகு சொன்னான்: "அப்பா, இதை இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க. புத்தகத்தோட அட்டை அச்சுக்குப் போயாச்சு."

நான் தட்டைத் தள்ளிவிட்டேன். அவன் அசரவில்லை. விபத்து என்றால் விபத்துதான், வேண்டுமென்று யார் செய்தார்கள், இந்த நேரத்தில் மிளகா வாயைத் திறந்தால் அவள் வாழ்க்கைதான் போகும் என்று பொறுமையாக விளக்கினான். கடைசியில் என் பாடத்தையே என் மேல் தூக்கிப் போட்டான். பாடம் அறுபத்தொன்று, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதே. அடப்பாவி, அது வயிற்றுப்போக்குக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் உன் அம்மா டாக்டரிடம் வீட்டுக் கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்ததற்காகச் சொன்னது. கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

நீயாவது சொல்லு, வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்லிவிடு என்று பேத்தியிடம் திரும்பினேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"நீங்க நாப்பத்தோரு வருஷம் வாயை மூடிக்கிட்டு நல்லாத்தானே இருந்தீங்க. தலைவரானீங்க, வீடு கட்டினீங்க, சுவர்ல பேர் எழுதியிருக்காங்க. எனக்கு மட்டும் மூணு நாள்கூடக் கிடையாதா?"

கோபம் மட்டும்தான் வந்தது. கேள்வி நியாயமாக இருந்தால் எனக்கு இரண்டு மடங்கு கோபம் வரும்.

வியாழக்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். கையைப் பொதி மாதிரிக் கட்டி, ஒரு கம்பியில் தூக்கித் தொங்க விட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் தாய் எனக்கு நாற்காலி கொடுத்துவிட்டு, தண்ணீர் பிடிக்க வெளியே போனாள். நான் மிளகாவின் தாத்தா என்று சொன்னதும் படுத்திருந்தவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். அந்த மரியாதையைப் பார்க்கச் சகிக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தேன். உனக்கு ஒன்று தெரியாது, அந்தக் கம்பியை, என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்யா" என்றாள். "நாலு வருஷமா என் மூக்குக்கு முன்னாடிதானே கட்டியிருக்கு. எனக்குத் தெரியாம இருக்குமா? அவ அவிழ்த்து எடுத்ததையும் பார்த்தேன். வலியில கண்ணு இருட்டிக்கிட்டு வந்தது, ஆனாலும் பார்த்தேன்."

பிறகு ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவளாக வந்து சொல்லுவாள் என்று இருக்கிறேன், இரண்டு நாளாக வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடமும் அது என் ரகசியம், எனக்கு மட்டுமே தெரிந்தது என்று கட்டிக் காத்து வந்தேனே. கம்பி இரண்டு பேர் முன்னாலும்தானே இருக்கும்? அரை கை தூரத்தில் நின்றவனுக்கு அது தெரியாது என்று எந்த முட்டாள் நினைப்பான்? நான் நினைத்திருக்கிறேன். விசிலுக்கு எல்லாம் தெரியும். அவனும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான். எத்தனை நாள் பார்த்தானோ. எழுபத்து நான்கு வயதில் நடுத்தெருவில் உட்கார்ந்து என்னையே நான் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டேன்.

மிளகாவிடம் நான் எதையும் மறைக்கவில்லை. அக்காவுக்குத் தெரியுமாம், உனக்காகக் காத்திருக்கிறாளாம் என்று அன்று மாலையே சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் எல்லோரும் மாறி மாறிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை நானே ஆலைக்குப் போனேன். மிளகா முன்னாலேயே போய்விட்டாள். வாசலில் காவலாளி சல்யூட் அடித்தான். மானேஜர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். விசாரணையில் பேச வேண்டும் என்றேன். பேத்திக்குத் துணையாக வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தாராளமாக வாருங்கள் என்றார். போகிற வழியில் டீ அறைக்குள் அழைத்துக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். புதிதாகச் சேருகிற எல்லோரையும் முதல் நாள் இதைப் படிக்க வைக்கிறோம் என்றார். எத்தனை பேர் படித்திருப்பார்கள், எத்தனை மெஷினில் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தபோது அந்தச் சுவரைக் காலால் உதைக்க வேண்டும்போல் இருந்தது.

விசாரணை அறையில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் மடிக்கணினியோடு வந்திருந்தார். சூப்பர்வைசர் ஒரு பக்கம், மிளகா ஒரு பக்கம். மேஜையில் ஒரு தாள். கவனக்குறைவு என்று அதில் முன்னாலேயே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள், கையெழுத்துதான் பாக்கி. நான் எழுந்து நின்று விசில் கதையைச் சொன்னேன். கட்டியது நான், அவிழ்த்தது நான், பக்கத்தில் ஊமையாக நின்றது நான். மானேஜர் சிரித்த முகத்தோடு கேட்டார். பெரிய மனிதர்கள்தான் இப்படித் தங்களைத் தாழ்த்திப் பேசுவார்கள், அந்தக் காலத்து மெஷின் வேறு, இந்தக் காலத்து மெஷின் வேறு என்றார். தலைமை அலுவலக அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் நடந்ததற்கும் செவ்வாய்க்கிழமை நடந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி. அதைச் சொல்லத்தான் வந்தேன். என் பேத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள், பத்து விரலையும் மடியில் கோத்துக்கொண்டு. வாயைத் திறந்தேன். காற்று வந்தது, பேச்சு வரவில்லை. அன்றைக்கு எப்படி நின்றேனோ அதேபோல அன்றும் நின்றேன். இவ்வளவு கத்துகிற வாய், ஊரையே வைகிற வாய், வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொள்கிறது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

மிளகா எழுந்தாள்.

"கட்டினது நான். அவங்க கை மாட்டினதும் அவிழ்த்து மறைச்சதும் நான். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள். சூப்பர்வைசர் இந்தப் பெண் பயத்தில் உளறுகிறாள் என்று குறுக்கே வந்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள். "தினமும் உங்க கண்ணு முன்னாடிதான் கட்டறோம். இப்பப் போய்ப் பாருங்க, மூணாவது மெஷின்ல இந்த நிமிஷமும் கட்டித்தான் இருக்கு."

அந்த அம்மாள் கணினியை மூடிவிட்டு நேராக இஸ்திரிப் பிரிவுக்கு நடந்தார். மானேஜர் பின்னால் ஓடினார். திரும்பி வந்தபோது அந்த அம்மாளின் கையில் மூன்று துண்டுகள் இருந்தன, ஒன்று அல்ல. மேஜையில் இருந்த தாள் கிழிந்தது. தடுப்பு இல்லாமல் மெஷின் ஓடியது என்று புதிதாக எழுதினார்கள். அக்காவின் வேலை அப்படியே இருக்கும், சிகிச்சை ஆலையுடையது. சூப்பர்வைசருக்குத் தனி விசாரணை. ஆலை மறுபடி சொல்லும்வரை மிளகா வேலைக்கு வர வேண்டாம். மறுபடி சொல்ல மாட்டார்கள் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வாசல்வரை வந்த மானேஜர் இந்த விஷயம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா என்றார். நான் அவர் கையை உதறினேன்.

மிளகா அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் வெளியே அந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. அக்கா ரொம்பத் திட்டினாங்க என்று மட்டும் சொன்னாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பாராட்ட வேண்டும்போல் இருந்தது, ஆனால் எந்த முகத்தோடு பாராட்டுவது? என் வேலையை அவள் செய்திருக்கிறாள். மூன்று நிறுத்தம் தாண்டியபின் அவளே பேசினாள். என்னைப் பார்க்காமல், வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"உங்க ஜோடி வீடு எங்கன்னு தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. தெரியும் என்றேன். அந்தத் தெரு வழியாகப் போகக் கூடாது என்பதற்காகவே இத்தனை வருடமும் சந்தைக்குச் சுற்றிக்கொண்டு போகிறேன். தெரியாமல் இருக்குமா?

தெருவின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் மணியை அடித்துவிட்டு, இறங்குங்க என்றாள்.

விசில் வீட்டு மாடிப்படிகளில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். விழாமல் இருக்கப் பிடித்தாளா, ஓடாமல் இருக்கப் பிடித்தாளா தெரியவில்லை. மணியை அவள்தான் அழுத்தினாள். கதவைத் திறந்தவன் கிழவன். தலையில் ஒரு முடி இல்லை. வலது கை சட்டைக் கைக்குள் மறைந்திருந்தது. என்னை உடனே தெரிந்துகொண்டான். நான் அங்கேயே நின்று சொன்னேன். இந்தத் தடவை வாய் ஒட்டிக்கொள்ளவில்லை. கட்டியது நான், அவிழ்த்து ஒளித்தது நான், உன்மேல் எழுதியபோது பார்த்துக்கொண்டு நின்றவன் நான் என்றேன்.

"அன்னைக்கே தெரியும்" என்றான். "நீ பாக்கெட்ல வெச்சதைப் பார்த்துட்டுத்தான் எனக்கு மயக்கமே வந்தது."

"பின்ன ஏன் நீ சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ரெண்டு வருஷம் உட்கார்ந்தேன். அப்புறம் நாற்காலியை உள்ள எடுத்துப் போட்டுட்டேன்."

மன்னித்துவிடு என்று சொல்ல வந்தேன். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். உன்னை இங்கே அழைத்து வந்தது யார், நீயாக வந்தாயா என்று கேட்டான். அவன் மிளகாவைப் பார்த்தான். அவள் இன்னும் என் முழங்கையைப் பிடித்திருந்தாள், வீங்கிய கண்ணோடு நின்றாள். பிறகு கதவை இன்னும் கொஞ்சம் திறந்தான்.

"நீ உள்ள வாம்மா. தண்ணி குடிச்சிட்டுப் போ."

மிளகா என் கையை விட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அவன் கதவைச் சாத்தினான். நான் வெளியே நின்றேன்.